கிராஃபிக்ஸ் டேப்லெட் எதை அளக்கிறது? முதன்முதலாக வாங்கப்போகிறவர்களுக்கு

போன ஓணம் லீவுக்குத் தக்கலையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே நன்றாக வரைவாள். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பள்ளியிலிருந்து கூட்டிப்போனபோது மற்ற பிள்ளைகள் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்க, இவள் மரக்கூரையில் செதுக்கியிருந்த பூக்களை நோட்டில் வரைந்துகொண்டு வந்தவள். இப்போது கணினியில் வரையவேண்டும் என்று ஆசை. சேர்த்துவைத்த காசில் 700 ரூபாய் கொடுத்து, ‘டிராயிங் டேப்லெட்’ என்று போட்டிருந்த ஒன்றை ஆன்லைனில் வாங்கியிருந்தாள். என்னைப் பார்த்ததும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

“மாமா, இத லேப்டாப்புல எங்க சொருகணும்? ஒரு ஓட்டையும் இல்லியே.”

சொருக இடமே கிடையாது. அது சின்னப் பிள்ளைகள் எழுதிப் பழகும் எல்சிடி சிலேட். குச்சியால் அழுத்தினால் கோடு தெரியும், பொத்தானை அமுக்கினால் மொத்தமும் அழியும். வரைந்தது எங்கும் சேமிக்கப்படாது, கணினியோடு அதற்கு ஒரு தொடர்பும் இல்லை. அவள் முகம் வாடியதைப் பார்த்து எனக்கு விற்றவர்கள்மேல் கோபம்தான் வந்தது. ஆசையோடு சேர்த்த காசு.

கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் திருவிழா போஸ்டர், புத்தக அட்டை என்று பல வருடமாக டேப்லெட்டும் பேனாவும் வைத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. அதனால் தெரிந்தவர்கள் யாராவது அடிக்கடி கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ‘8192 லெவல் உள்ளதுதான் வாங்கணுமா?’, ‘ஸ்கிரீன் இல்லாட்டி வரைய முடியாதாமே?’, ‘போன்ல ஓடுமா?’ ஆளுக்கு ஒரு பதில் ஊரில் உலவுகிறது. இந்தக் கருவி என்ன வேலை செய்கிறது என்று புரிந்துவிட்டால் இந்தக் கேள்விகளில் பாதி தானாகவே விழுந்துவிடும். அது உங்கள் கையை அளக்கிறது. பேனா எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது, சில மாடல்களில் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, இவ்வளவுதான் அதற்குத் தெரியும். கோடு, நிறம், தூரிகை எல்லாம் கணினியில் ஓடும் மென்பொருளின் வேலை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

ஒரே பெயரில் நான்கு பொருள்

‘டேப்லெட்’ என்ற சொல்தான் முதல் குழப்பம். மேலே சொன்ன சிலேட்டையும் அந்தப் பெயரில் விற்கிறார்கள். அதை இத்தோடு மறந்துவிடலாம்.

இரண்டாவது, திரை இல்லாத பலகை. பரீட்சை அட்டை மாதிரி தட்டையாக, பெரும்பாலும் கறுப்பாக இருக்கும். யூஎஸ்பி வயரில் கணினியோடு இணைத்து, பலகையின்மேல் பேனாவை ஓட்டினால் கோடு கணினித் திரையில் வரும். இதைப் பென் டேப்லெட் என்பார்கள். மூன்றாவது, அதே பலகைக்குள் ஒரு திரையும் இருப்பது. கோடு பேனா முனைக்குக் கீழேயே தெரியும். இதைப் பென் டிஸ்ப்ளே என்பார்கள். பெரும்பாலும் இதற்கும் கணினி வேண்டும். தனியாக ஓடும் என்று நினைத்து வாங்கி ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

நான்காவது, ஐபேட், சாம்சங் டேப் போன்றவை. இவை தனிக் கணினிகள். படம் பார்க்கலாம், பாடம் படிக்கலாம், அவற்றுக்கென்று உள்ள பேனா இருந்தால் நன்றாகவே வரையலாம். கடையில் போய் ‘டேப்லெட்’ என்று மட்டும் சொன்னால் இதைத்தான் எடுத்து வைப்பார்கள்.

கடைசி வகையில் ஒரு எச்சரிக்கை. 100 ரூபாய்க்கு ரப்பர் முனை வைத்த பேனா விற்கிறார்கள். போனின் தொடுதிரை, மின்சாரத்தைக் கடத்தும் விரல் தன்மேல் படும்போது உண்டாகும் மாற்றத்தை உணர்கிறது. அந்த ரப்பர் முனை இன்னொரு விரல், அவ்வளவுதான். எவ்வளவு அழுத்தினாலும் கோடு தடிக்காது. ஆப்பிள் பென்சிலுக்குள்ளும் சாம்சங்கின் எஸ் பென்னுக்குள்ளும் வேறு ஏற்பாடு இருக்கிறது. அதனால்தான் அந்த விலை.

சுருக்கமாக: புதிதாகத் தொடங்குகிறவர், வீட்டில் ஏற்கெனவே லேப்டாப் இருந்தால், பார்க்கவேண்டியது இரண்டாவது வகையை. இனி ‘டேப்லெட்’ என்று நான் சொல்வது அந்தத் திரை இல்லாத பலகையைத்தான்.

மௌஸ் ஒரு துடுப்பு, டேப்லெட் ஒரு வரைபடம்

மௌஸ் இருக்கும்போது இது எதற்கு என்று அக்கா கேட்டாள். நல்ல கேள்வி.

மௌஸ் துடுப்பு மாதிரி. துடுப்பைத் தண்ணீரில் போட்டுத் தள்ளி, தூக்கி, மறுபடி போட்டுத் தள்ளுகிறோம். வள்ளம் எங்கே நிற்கிறது என்று துடுப்புக்குத் தெரியாது, எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளினோம் என்பது மட்டும்தான் கணக்கு. மௌஸையும் மேசை ஓரம் வந்ததும் தூக்கி நடுவில் வைத்து மறுபடி நகர்த்துகிறோம்.

டேப்லெட் அப்படி இல்லை. மாவட்ட வரைபடத்தை மேசையில் விரித்து வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அதில் குளச்சலில் விரல் வைத்தால் குளச்சல்தான், அருமனையில் வைத்தால் அருமனைதான். டேப்லெட்டின் இடது மேல் மூலை திரையின் இடது மேல் மூலை. நடு என்றால் திரைக்கும் நடு. பேனாவைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தால் திரையில் புள்ளியும் அங்கே தாவிவிடும். பலகையின் ஒவ்வொரு இடத்துக்கும் திரையில் ஓர் இடம் ஒதுக்கும் இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் மேப்பிங். காகிதத்தில் வரைந்து பழகிய கை இதில்தான் தன் வழக்கத்தைத் தொடரமுடியும்.

‘ஆனால் கை மேசையில், கண் திரையில் என்றால் எப்படி?’ திரை இல்லாத டேப்லெட்டைப் பற்றி எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போனவர்கள் பயப்பட வேண்டியதில்லை. அங்கே கண் தாளில்தான் இருக்கவேண்டும், விசையைப் பார்க்கக்கூடாது. முதல் வாரம் விரல் தடுமாறும். லோயர் பாஸ் பண்ணும்போது விரல்களுக்கே இடம் தெரிந்திருக்கும். இதுவும் அப்படித்தான். தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலானவர்களுக்குக் கை பழகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். முதல் நாளே கோணிக்கொண்டு போகிறதே என்று பெட்டியில் போட்டு மூடிவிடாதீர்கள்.

பேட்டரி இல்லாத பேனா எப்படிப் பேசுகிறது?

இந்தப் பகுதி எனக்கு ரொம்பப் பிடித்தது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நல்ல டேப்லெட்டுகளின் பேனாவில் பேட்டரி கிடையாது, வயரும் கிடையாது. அப்படியிருந்தும் பலகைக்கு அது இருக்கும் இடம் தெரிகிறது. பலகையில் படாமல் ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்தால்கூடத் திரையில் புள்ளி நகரும்.

ஓணத்துக்கு மாமரத்தில் ஊஞ்சல் கட்டுவோம் இல்லையா? ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளத் தள்ள அது வீச்செடுக்கும். தாளம் தப்பித் தள்ளினால் ஆடாது. கையை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் தானாக ஆடிக்கொண்டிருக்கும். ஒரு பொருளுக்கு இயல்பாக உள்ள தாளத்தோடு வெளியிலிருந்து வரும் தள்ளல் ஒத்துப்போகும்போது அது பலமாக ஆடத் தொடங்குவதற்குப் பெயர் ஒத்ததிர்வு. வானொலியில் திருகைத் திருப்பி நிலையத்தைப் பிடிப்பதும் இதே சங்கதிதான்.

டேப்லெட்டின் பலகைக்குக் கீழே மெல்லிய கம்பிச் சுருள்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னப்பட்டிருக்கின்றன. அவை மிகக் குறுகிய நேரத்துக்கு ஒரு மின்காந்த அலையை மேலே அனுப்பும். அதுதான் தள்ளல். பேனாவுக்குள் ஒரு சின்னக் கம்பிச் சுருளும் ஒரு மின்தேக்கியும் இருக்கின்றன. அதுதான் ஊஞ்சல். அலை பட்டதும் அது ஆடத் தொடங்குகிறது. உடனே பலகை அனுப்புவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்கிறது. பேனா இன்னும் ஆடிக்கொண்டிருப்பதால் அதிலிருந்து ஓர் அலை திரும்பி வருகிறது. அனுப்பு, நிறுத்து, கேள். இது வினாடிக்கு நூறு, இருநூறு தடவைக்கு மேல் நடக்கிறது. பேனாவுக்கு வேண்டிய மின்சாரமும் அந்த அலையிலிருந்தே கிடைத்துவிடுவதால் பேட்டரிக்கு வேலையில்லை.

இடம் எப்படித் தெரிகிறது? கொடை சீசனில் ராத்திரி வயல் வரப்பில் நடந்துவந்தால், இரண்டு ஊர்க் கோயில் குழாய் ஸ்பீக்கர்களும் கேட்கும். எது பலமாகக் கேட்கிறது என்பதை வைத்தே எந்த ஊருக்குப் பக்கத்தில் நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம். பலகையும் அப்படித்தான். பேனாவின் அலை எந்தக் கம்பியில் பலமாகவும் பக்கத்துக் கம்பிகளில் எவ்வளவு குறைந்தும் கேட்கிறது என்று ஒப்பிட்டு இடத்தைக் கணக்கிடுகிறது.

அழுத்தமும் இதே வழியில்தான் போகிறது. ஊஞ்சல் கயிற்றைக் குட்டையாக்கினால் அது வேகமாக ஆடும். பேனா முனையை அழுத்தும்போது உள்ளே இருக்கும் அமைப்பு ஒரு துளி நகர்ந்து, பேனாவின் தாளம் கொஞ்சம் மாறுகிறது. மாறிய தாளத்தைக் கேட்டு எவ்வளவு அழுத்தம் என்று பலகை புரிந்துகொள்கிறது.

இதிலிருந்து வாங்குகிறவருக்குக் கிடைக்கும் செய்தி இரண்டு. ஒவ்வொரு நிறுவனமும் தன் பேனாவை வேறு தாளத்துக்குச் சுருதி கூட்டியிருப்பதால், ஒரு நிறுவனத்தின் பேனா இன்னொன்றின் பலகையில் பொதுவாக வேலை செய்யாது. பேனா தொலைந்தால் அதே மாடலுக்கான பேனா தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். அப்புறம், பேட்டரி போட்டோ சார்ஜ் செய்தோ ஓடும் பேனாவோடு வரும் பழைய மாடல்களைத் தவிர்க்கலாம். கனமாக இருக்கும், வரைந்துகொண்டிருக்கும்போதே தீர்ந்தும் போகும். ஒரு காலத்தில் பேட்டரி இல்லாத பேனா என்றாலே ஜப்பானின் வாகாம்தான். இப்போது ஹூயோன், எக்ஸ்பி-பென் போன்ற சீன நிறுவனங்களின் சாதாரண மாடல்களிலேயே அது வந்துவிட்டது.

8192 என்ற எண்

குலசேகரம் பக்கம் விடியும் முன்பே ரப்பர் வெட்டப் போகிறவர்களின் கையைக் கவனித்திருக்கிறீர்களா? கத்தி பட்டையில் மேலாகப் போனால் பால் குறையும், ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். அந்த மெல்லிய இடைவெளியைக் கை அறிந்திருக்கும். வரைகிறவர் கையும் அப்படித்தான். மெதுவாகத் தொட்டால் மயிரிழைக் கோடு, அழுத்தினால் தடித்த கோடு. இந்த வேறுபாட்டை எத்தனை படிகளாகப் பிரித்து டேப்லெட் சொல்லும் என்பதே ‘பிரஷர் லெவல்’. 2048, 4096, 8192, 16384 என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள்.

எண் இரட்டித்தால் தரம் இரட்டிக்கும் என்று நினைப்பதுதான் ஊரில் அதிகம் பரவியிருக்கும் தவறு. கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் தூரிகையின் அதிகபட்சத் தடிமன் 40 பிக்சல் (திரையின் மிகச் சிறிய புள்ளி) என்றால், கண்ணுக்கு வித்தியாசம் தெரியும்படி அந்தக் கோடு தடிக்கக்கூடியது ஏறக்குறைய 40 படி. நிறத்தின் அடர்த்தியை அழுத்தத்தால் மாற்றினாலும், கணினித் திரையில் ஒரு நிறத்துக்கு வழக்கமாக உள்ள படிகள் 256. 2048 என்பதே இவற்றுக்குத் தாராளம். மீன் வாங்கும்போது நகைக்கடைத் தராசில் நிறுத்தாலும் சாளை சாளைதான்.

கவனிக்கவேண்டியது வேறொன்று. சில தராசுகளில் ஒரு கைப்பிடி நெத்திலி போட்டால் முள் அசையாது, இன்னும் அள்ளிப் போட்டால்தான் அசையும். எவ்வளவு லேசான தொடுதலிலிருந்து கோடு விழத் தொடங்குகிறது என்பதுதான் பேனாவுக்கும் முக்கியம். இதைத் தொடக்க அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். இது அதிகமாக இருக்கும் பேனாவில் மெல்லிய கோடு போடவே கையை ஊன்றவேண்டியிருக்கும், மாலைக்குள் மணிக்கட்டு வலிக்கும். பெட்டியில் பெரும்பாலும் இதைப் போடமாட்டார்கள். யாரிடமாவது அதே மாடல் இருந்தால் கேட்டு, முனை படுகிறதா படவில்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு லேசாக ஒரு கோடு இழுத்துப் பாருங்கள்.

இதோடு இன்னொரு எண்ணும் வரும்: 5080 எல்பிஐ. ஓர் அங்குலத்துக்குள் எத்தனை இடங்களைப் பலகை பிரித்தறியும் என்பது அது. 5080 என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 200. சிறிய டேப்லெட்டில் 1920 பிக்சல் அகலமுள்ள திரையைப் பரப்பினால்கூட ஒரு மில்லிமீட்டருக்கு 13 பிக்சல்தான் வரும். 2540 என்று போட்டிருந்தாலும் கவலைப்பட ஒன்றுமில்லை.

சுருக்கமாக: அழுத்தத்தை உணரவேண்டும், லேசான தொடுதலிலேயே உணரவேண்டும். 2048க்கு மேல் போகும் எண்ணுக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

எவ்வளவு பெரியது?

என்னைக் கேட்டால் முடிவெடுக்க அதிக நேரம் செலவழிக்கவேண்டியது இதற்குத்தான். ஆனால் பலரும் விலையைப் பார்த்துவிட்டு ஒரு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள்.

முதலில் ஒரு கவனம். பலகையின் மொத்த அளவு வேறு, பேனா வேலை செய்யும் பகுதியின் அளவு வேறு. விற்பனைப் பக்கத்தில் ‘ஆக்டிவ் ஏரியா’ என்று போட்டிருப்பதை மட்டும் பாருங்கள். வாகாமின் சிறிய மாடல்களில் அது 152 × 95 மி.மீ., கிட்டத்தட்ட ஓர் அஞ்சலட்டை. நடுத்தர மாடல்களில் 216 × 135 மி.மீ., ஏறக்குறைய ஏ4 தாளைப் பாதியாக மடித்த அளவு. 10 × 6 அங்குலம் கொண்டவையும் உண்டு.

இப்போது அந்த மாவட்ட வரைபடத்தை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். 15.6 அங்குல லேப்டாப் என்றால் திரையின் அகலம் சுமார் 34 செ.மீ. அஞ்சலட்டை அளவு டேப்லெட்டில் உங்கள் கை நகர்வது திரையில் இரண்டேகால் மடங்காகத் தெரியும். கை ஒரு மி.மீ. நடுங்கினால் அங்கே 2 மி.மீ.க்கு மேல் நடுங்கும். நடுத்தர அளவில் அது ஒன்றரை மடங்கு சொச்சம். ‘எனக்குக் கை நடுங்குது, கணினியில் வரைய வராது’ என்று சொன்ன எத்தனையோ பேருக்குக் கையில் குறையில்லை, சிறிய பலகை அவர்கள் நடுக்கத்தைப் பெருக்கிக் காட்டியது. பெரிய மானிட்டரோடு சிறிய டேப்லெட்டைச் சேர்த்தால் இது இன்னும் கூடும்.

அதைவிட முக்கியம், உங்கள் கை எங்கிருந்து நகர்கிறது என்பது. சிலர் விரலாலும் மணிக்கட்டாலும் வரைவார்கள்: சின்னச் சின்னக் கோடு, முகம், பூ, கோலம். சிலர் முழங்கையிலிருந்து வீசி வரைவார்கள். தண்ணீர் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 115 அடி உயரம், 28 தூண்கள். தூண்களை மணிக்கட்டாலேயே வரைந்துவிடலாம். தூண்களுக்குமேல் மலையிலிருந்து மலைக்கு ஓடும் அந்த ஒற்றைத் தொட்டிக் கோடு? அதை மணிக்கட்டை ஊன்றி இழுத்தால் வளைந்துவிடும். முழங்கை ஓடவேண்டும், ஓட இடம் வேண்டும்.

அக்கா மகளுக்கு நான் செய்ததும் இதுதான். மொய்க்கவர், அட்டை என்று கிடைத்ததை வெட்டி 152 × 95 ஒன்று, 216 × 135 ஒன்று செய்தேன். இரண்டையும் மேசையில் ஒட்டினேன். “மக்களே, கண்ண எதிர்ச் சுவத்துல வச்சுக்கிட்டு இதுக்குமேல பேனாவ ஓட்டிப் பாரு” என்றேன். சின்ன அட்டையில் ஐந்து நிமிடத்தில் அவள் கை வெளியே வெளியே போய்விட்டது. அவள் நோட்டிலும் பெரிதாக வரைகிறவள். நடுத்தர அளவு என்று முடிவானது. நீங்களும் காசு கொடுக்கும் முன் அட்டை வெட்டிப் பாருங்கள்.

பெரியதுதான் எப்போதும் நல்லது என்று இதற்கு அர்த்தமில்லை. பஸ்ஸில் பையில் போட்டுத் தினமும் கல்லூரிக்குக் கொண்டுபோகிறவர், போட்டோ திருத்துகிறவர், ஆன்லைனில் கணக்குப் பாடம் நடத்துகிறவர், இவர்களுக்கெல்லாம் சிறியது போதும். மேசையில் லேப்டாப்பை வைத்தபின் மிச்ச இடம் எவ்வளவு என்றும் இஞ்ச் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

அளவோடு ஒட்டிய இன்னொரு சங்கதி வடிவம். சாலைச் சந்திப்புகளில் கட்டும் ஃபிளெக்ஸில் சில நேரம் முகம் அகலமாக இழுத்துக்கொண்டு நிற்கும். நீள அகல விகிதம் பொருந்தாத படத்தைச் சட்டத்துக்குள் திணித்ததால் வந்த வினை அது. டேப்லெட்டிலும் இதே தவறு நடக்கும். 152 × 95 பலகையின் அகலம் உயரத்தைப்போல 1.6 மடங்கு. பல லேப்டாப் திரைகளில் அது 1.78 மடங்கு. அப்படியே பரப்பினால், கையில் நீங்கள் போட்ட வட்டம் திரையில் 11 சதவீதம் அகலமான முட்டையாக வரும். இதுவும் உங்கள் கையின் குறையில்லை. டேப்லெட்டோடு வரும் மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் (செட்டிங்ஸ்) விகிதத்தைப் பூட்டும் வசதி இருக்கும். பூட்டினால் பலகையின் கீழே சுமார் ஒரு செ.மீ. பட்டை வேலை செய்யாது, வட்டம் வட்டமாக வரும். முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

திரை உள்ளதற்குத் தாவலாமா?

விலை பல மடங்கு என்பது முதல் தடை. முகம் பார்க்கும் கண்ணாடியின்மேல் பேனா முனையை வைத்துப் பாருங்கள். முனைக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும், அது கண்ணாடியின் தடிமனால் வருவது. விலை குறைந்த பென் டிஸ்ப்ளேக்களிலும் பேனா முனைக்கும் கோட்டுக்கும் இடையே அப்படி ஓர் இடைவெளி இருக்கும், பார்க்கும் கோணம் மாறினால் அது நகரும். இதற்குப் பெயர் பாரலாக்ஸ். கண்ணாடியும் திரையும் ஒட்டிய மாடல்களில் இது குறைவு. அதோடு, திரைமேல் குனிந்து வரைவதால் கழுத்து வலி வரும். திரை இல்லாத டேப்லெட்டில் நிமிர்ந்து உட்காரலாம், கை படத்தை மறைக்காது. இந்தத் தொழிலில் இருக்கும் நானே தினசரி வேலைக்கு இன்றும் அதைத்தான் வைத்திருக்கிறேன். ஒரு வருடம் வரைந்தபின் வேண்டும் என்று தோன்றினால் அப்போது வாங்கலாம்.

லேப்டாப், போன், டிரைவர்

டேப்லெட் கணினிக்குப் பெரிய சுமை தராது. அரசு 2011 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த மடிக்கணினிகள் வீட்டில் இருந்தால் அவற்றிலும் ஓடவே வாய்ப்பு அதிகம். திணறினால் அதற்குக் காரணம் மென்பொருள்தான். படத்தின் அளவைச் சிறிதாக வைத்து, அடுக்குகளை (ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வரையும் லேயர்களை) குறைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். மென்பொருளுக்குக் காசு கொடுக்கவும் வேண்டாம். கிரிட்டா இலவசம், ஓவியத்துக்கென்றே செய்தது. கை நடுக்கத்தைச் சீராக்கும் ஸ்டெபிலைசர் என்ற வசதியும் அதில் இருக்கிறது.

டிரைவர் என்பது பலகை சொல்வதைக் கணினிக்குப் புரியவைக்கும் மொழிபெயர்ப்பாளர். அது இல்லாமலும் பேனா நகரும், ஆனால் மௌஸ் மாதிரித்தான் நகரும், அழுத்தம் தெரியாது. ‘டேப்லெட் கெட்டுப்போச்சு’ என்று என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவை டிரைவர் கோளாறுகள். நிறுவனத்தின் இணையதளத்திலிருந்தே இறக்குங்கள். முன்பு வேறு நிறுவனத்தின் டேப்லெட் வைத்திருந்தால் அதன் டிரைவரை முதலில் நீக்கிவிடுங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் மொழிபெயர்த்தால் குழப்பம்தான். இடதுகைக்காரர்கள் இதே அமைப்புப் பக்கத்தில் பலகையைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்ளலாம். அவர்களுக்கென்று தனி டேப்லெட் தேட வேண்டியதில்லை.

லேப்டாப் இல்லாத பிள்ளைகள் ஆண்ட்ராய்டு போனில் ஓடிஜி (போனில் யூஎஸ்பி கருவிகளைச் சொருக உதவும்) இணைப்பு வைத்து வரைகிறார்கள். முடியும். ஆனால் எல்லா மாடலிலும் முடியாது, உங்கள் போனையும் டேப்லெட்டையும் சேர்த்துச் சரிபார்க்கவேண்டும். இங்கும் அந்த வடிவச் சிக்கல் வரும். போன் நெடுக்காக நிற்கிறது, பலகை குறுக்காகக் கிடக்கிறது. அதனால் பலகையின் ஒரு சிறு பகுதிதான் வேலை செய்யும். போனுக்கு மட்டும் என்றால் பெரிய அளவு வாங்கிப் பயனில்லை.

வாங்கியபின் முதல் சாயங்காலம்

நான் இதை எழுதும்போது சிறிய டேப்லெட்டுகள் 3,000, 4,000 ரூபாயிலிருந்து கிடைக்கின்றன. நடுத்தர அளவு அதற்குக் கொஞ்சம் மேலே. பேனா முனையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டுக்கு நிப் என்று பெயர். அது தேயும். பெட்டியில் எத்தனை உபரி நிப் வருகிறது, தனியாக வாங்கினால் என்ன விலை என்று பாருங்கள். சொரசொரப்பான பலகையில் காகிதம் மாதிரிச் சுகமாக இருக்கும், நிப் சீக்கிரம் தேயும். ஒரு பக்கம் கூர்மையாகத் தேய்ந்த நிப்பை உடனே மாற்றிவிடுங்கள், பலகையைக் கீறிவிடும். நம்முடைய ஊரில் பாதி வருடம் மழையும் மீதி வருடம் வேர்வையும். கை பலகையில் ஒட்டாமல் இருக்க இரண்டு விரல் மட்டும் மூடும் கையுறை விற்கிறது, பழைய காட்டன் சாக்ஸை வெட்டிப் போட்டாலும் அதே பலன். கடற்கரையோரம் வீடு என்றால் வேலை முடிந்ததும் துணிப்பையில் போட்டு வையுங்கள். உப்புக்காற்றில் யூஎஸ்பி முனை துருப்பிடித்து இணைப்பு விட்டு விட்டு வரும்.

பெட்டியைப் பிரித்த அன்றே சில சோதனைகள். டிரைவர் போட்டு, விகிதத்தைப் பூட்டியபின், வேலை செய்யும் பகுதியின் நான்கு மூலைகளிலும் பேனாவை வைத்துத் திரையின் மூலை வரை போகிறதா என்று பாருங்கள். லேசாகத் தொடங்கி அழுத்தி மறுபடி லேசாக முடியும்படி பத்துக் கோடு போடுங்கள். நடுவில் திடீரென்று தடித்தால் சரியில்லை. கடைசியாக, பலகையில் பிளாஸ்டிக் ஸ்கேலைச் சாய்வாக வைத்து, அதை ஒட்டி மிக மெதுவாக ஒரு கோடு இழுங்கள். ஸ்டெபிலைசரை அணைத்துவிட்டு இழுக்கவேண்டும். கோடு படிக்கட்டு மாதிரி அலைந்தால், பக்கத்தில் இருக்கும் போனையும் சார்ஜரையும் தள்ளி வைத்துவிட்டு மறுபடி இழுங்கள். அப்போதும் அலைந்தால் குறை பலகையில்தான். திருப்பிக் கொடுக்கும் நாள் முடியும் முன்பே அனுப்பி வேறு வாங்கிவிடுங்கள். அதனால் அந்தத் தேதி கடக்கும்வரை பெட்டியையும் பில்லையும் தூக்கிப் போட வேண்டாம்.